தெருவைக் கடைசியில் சொல்கிறவள்

என் தங்கை அன்பரசியைப் பற்றிப் பேசாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசியவர்களும் இல்லை. ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்து துரத்தப்பட்டவள் என்பார்கள். சாவை வைத்துப் பிழைக்கிறவள் என்பார்கள். பெரியவர்களை மதிக்காதவள் என்பார்கள். முதலாவது உண்மை. மற்ற இரண்டும் யார் வாயில் இருந்து கிளம்பின என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன். நான் நேரில் பார்க்காததை, யார் சொன்னார் என்பதோடு எழுதுகிறேன்.

எங்கள் ஊர், கருங்குழியில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வரும். முதலில் மேட்டுத் தெரு. பிறகு ஏரிக்கரை. அதற்கு அந்தப் பக்கம் காலனி. நாங்கள் காலனி. அப்பா இல்லை. அம்மா பொன்னி நூறு நாள் வேலைக்குப் போய் எங்களை வளர்த்தார். நான் சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறேன்; பெயர் தாவீது. அன்பரசிக்குச் சர்ச்சில் பாட்டும் கீபோர்டும் வந்தன. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகும் கீபோர்டை விட்டு எழுந்திருக்க மாட்டாள். பூட்ட வேண்டிய உபதேசியார் பசியோடு வாசலில் நின்றுகொண்டிருப்பார். அப்படிக் கற்றதுதான்.

மதுராந்தகம் வட்டாரத்தில் கல்யாண ரிசப்ஷன் என்றால் மேட்டுத் தெரு சடையப்பனின் ஆர்க்கெஸ்ட்ராதான் வரும். எல்லாரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. நிலத்தை விற்று ஸ்பீக்கர் வாங்கியவர். அன்பரசி அவரிடம் பல வருடங்கள் கீபோர்டு வாசித்தாள், பாடினாள். செங்கல்பட்டு மண்டபங்களில் இருந்து மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல்கள் வரை போனாள். பாட்டுக்கு நடுவே வரும் இசையை எல்லாம் அவளே கேட்டுக் கேட்டு எடுத்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பாள். பேனரில் மட்டும் அவள் படம் வராது. ஒருமுறை கேட்டாள்.

"நீ வாசிக்க வந்தியா, மூஞ்சி காட்ட வந்தியா?" என்றார் சடையப்பன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. சாவு விழுந்தால் சொந்தக்காரர்களுக்குப் போனில் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்றிச் சொன்னால்தான் ஊருக்குச் சொன்னதாகக் கணக்கு. சம்பந்தி ஊரிலும் அப்படியே ஒரு ஆட்டோ போக வேண்டும். மைக் வராத சாவுக்குப் பங்காளிகள் வர மாட்டார்கள். மதிக்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்கிறவர் மைக் செட் மணி.

எங்கள் தெரு ஏசுதாஸ் மாமா இறந்த அன்று மணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரலே வரவில்லை.

"அன்பு, நீதான் மைக்ல பேசுறவளாச்சே. போன்ல ஒரு தபா பேசிக் குடும்மா. நான் போட்டுகினு சுத்துறேன்" என்று சைகையும் கிசுகிசுப்புமாகக் கேட்டார்.

மணி வழக்கமாகச் சொல்லும் விதம் எல்லாருக்கும் தெரியும். மேட்டுத் தெரு ஆள் என்றால் முதலில் தெரு, பிறகு பட்டம், பிறகு சிவலோக பதவி. எங்கள் ஆள் என்றால், "காலனி ஏசுதாஸ் செத்துட்டாரு." காலனி என்ற சொல் காதில் விழுந்ததும் டீக்கடையில் நிற்கிறவர்கள் பேப்பரைப் பிரித்துக்கொள்வார்கள். மிச்சத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

அன்பரசி அந்த வரிசையைத் திருப்பிப் போட்டாள். "நம் ஊரில் ஒருவர் இன்று இறந்துவிட்டார்" என்று ஆரம்பித்தாள். கொஞ்சம் நிறுத்தினாள். அவர் யாருக்குத் தகப்பன், யாருக்கு அண்ணன் என்று சொன்னாள். அவர் செய்த வேலை ஒன்றைச் சொன்னாள்: "ஓடாத பம்பு செட்டை ஓட வைப்பார்." பிறகு பெயர். எடுக்கும் நேரம். எல்லாவற்றுக்கும் கடைசியில் தெரு. பாடகி என்பதால் மூச்சை எங்கே விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஊர் முழுக்க நின்று கேட்டது. மேட்டுத் தெருவில் இருந்து கூட நான்கைந்து பேர் வந்தார்கள். பம்பு செட் ரிப்பேருக்கு அவரைக் கூப்பிட்டவர்கள்தான்.

அதற்குப் பிறகு எல்லா வீட்டுக்காரரும் மணியிடம் "அந்தப் பொண்ணு குரல்தான் வோணும்" என்றார்கள். பக்கத்து ஊர் மைக் செட்காரர்களும் கேட்டார்கள். அவள் போனில் பேசி அனுப்புவாள், அவர்கள் போட்டுக்கொண்டு சுற்றுவார்கள். அப்படியே அச்சிறுபாக்கம் தொடங்கித் திருவிடந்தை வரை அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது.

அதுவே அவளுக்கு வினையானது. மதுராந்தகத்தில் ஒரு ரிசப்ஷன். நானும் போயிருந்தேன். பிள்ளையார் பாட்டுக்கு முன்னால் அன்பரசி மைக்கைப் பிடித்து, "அனைவருக்கும் வணக்கம்" என்றாள். முன் வரிசையில் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் திடுக்கிட்டு எழுந்தார்.

"ஐயோ, யாரு செத்துப் பூட்டாங்க?"

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை. சடையப்பன் மேடையில் ஏறி அவள் மைக்கின் வயரைப் பிடுங்கினார். இறங்கும்போது எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னார்: "சாவு வாய வெச்சிகினு கல்யாணத்துக்கு வந்துட்டா. போ, போய் உன் தெருவுல பாடு."

அவளுக்குப் பதிலாக ரோஹித் என்ற பையனைச் சேர்த்தார். பேனரில் அவன் படம் முதல் நாளே வந்துவிட்டது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அம்மாவுக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. மேட்டுத் தெருவில் சாவு விழுந்தால் வெளியூர்ச் சொந்தங்களுக்கு நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவது அந்தக் காலத்தில் எங்கள் குடும்பத்தின் வேலை. வாசலுக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டும்.

"உங்க தாத்தா காலு தேஞ்சது போதாதா? இப்ப நீ வாயத் தேச்சிகினு கீற" என்றார் அம்மா.

"தாத்தா அவங்க சொல்லி அனுப்புனதப் போய் சொன்னாரு. நான் சொல்றத அவங்க நின்னு கேக்குறாங்க. ரெண்டும் ஒண்ணா?" என்றாள் அன்பரசி.

அம்மா சோற்றுத் தட்டைக் கொஞ்சம் வேகமாக வைத்தார்.

கருங்குழியில் பஞ்சர் கடைக்கு மேலே ஒரு அறை காலியாக இருந்தது. அதை வாடகைக்கு எடுத்தாள். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அறைந்தோம். கீழே காற்று அடிக்கும் சத்தம் நிற்கும் நேரம் பார்த்துத்தான் பதிவு செய்வாள். பெயர்ப் பலகையில் "அன்பு ஒலி" என்று எழுதச் சொன்னாள். எழுத வந்த ஆர்ட்டிஸ்ட், "சவுண்டு சர்வீஸா?" என்று கேட்டான். "சர்வீஸ் இல்ல. கம்பெனி" என்றாள்.

வண்டியில் பொருள் விற்கிறவர்கள் எல்லாரும் கடையில் விற்கும் ஒரே ரெக்கார்டைத்தான் போட்டுக்கொண்டு போவார்கள். உள்ளே இருந்து கேட்டால் வருவது தக்காளியா பழைய இரும்பா என்று தெரியாது. அன்பரசி ஒவ்வொருவருக்கும் தனி மெட்டுப் போட்டாள். மெட்டு அவளுடையது. பேச்சு விற்கிறவருடையது. தன் குரலை அதில் வைக்க மாட்டாள். "என் குரல் சாவுக்கு மட்டும்தான். கலந்தா ரெண்டுமே கெட்டுடும்" என்பாள்.

முதலில் வந்தது திருவிடந்தை வசுமதி. குட்டி வேனில் மீன் விற்கிறவர். சிறுசேரி சவாரியில் பழக்கமாகி நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். மைக்கைப் பார்த்ததும் வசுமதி மேடைப் பேச்சுப் போல, "அன்பார்ந்த தாய்மார்களே" என்று ஆரம்பித்தார்.

"யக்கா, நீ டெய்லி எப்படி கத்துவ? அப்படிக் கத்து."

"அப்படிக் கத்துனா அசிங்கமா இருக்குமேம்மா."

"இருக்கட்டும்."

வசுமதி கத்தினார்: "இன்னா உள்ள குந்திகினு கீற? மீனு வந்து உன் வூட்டுக் கதவத் தட்டுமா? சட்டி எடுத்துகினு வாம்மா!"

அதை அப்படியே வைத்து, அதற்கு முன்னால் ஒரு மெதுவான மெட்டைச் சேர்த்தாள். அலை வந்து திரும்புவது போன்ற மெட்டு. கேட்கச் சோகமாகக்கூட இருக்கும். ஆனால் திருவிடந்தை சுற்றுவட்டாரத்தில் அந்த மெட்டு கேட்டால் பெண்கள் சட்டியோடு வெளியே வருவார்கள். பார்த்திருக்கிறேன்.

பிறகு மாவு விற்கிறவர், தண்ணி கேன்காரர், மாமல்லபுரம் கரையில் இளநீர் விற்கிறவர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எங்கள் தெரு ஜாய்ஸும் சுஷ்மிதாவும் அவளிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். கடற்கரை ஓட்டல் ஒன்றில் இருந்து ஹேமந்த் என்ற மேனேஜர் காரில் வந்தார். விருந்தாளிகள் நுழையும் இடத்தில் போட 'வில்லேஜ் ஃபீல்' உள்ள சத்தம் வேண்டும், காசுக்குப் பதில் பலகையில் பெயர் போடுகிறோம் என்றார்.

"எந்த வில்லேஜ் சார்? உங்க ஜெனரேட்டர் சத்தத்துல தூங்காம கீதே, அந்த வில்லேஜா?" என்று கேட்டாள். கார் திரும்பிப் போனது.

இதற்குள் மேட்டுத் தெருவில் ஒரு முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. சாவு அறிவிப்பில் தெருவை முதலில் சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் மணியிடம் சொல்லி அனுப்பினார்கள். மணி மாடிப்படியில் நின்று தலையைச் சொறிந்தார்.

"யாரு சாவுன்னு மொதல்ல தெரிஞ்சாதானே போலாமா வோணாவான்னு முடிவு பண்ண முடியும்னு கேக்குறாங்க, அன்பு."

"அதுக்குத்தாண்ணே கடைசில வெச்சிருக்கேன்."

அந்த வரிசையை அவள் யாருக்கும் மாற்றவில்லை. எங்கள் சர்ச் உபதேசியார் இறந்தபோதும் மாற்றவில்லை. அவளிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு மாற்றினால் மறுநாள் ஊரே மாற்றச் சொல்லும். கடைசியில் பழையபடி "காலனி ஏசுதாஸ் செத்துட்டாரு" என்பதில்தான் போய் நிற்கும்.

சடையப்பன் சும்மா இருக்கவில்லை. அவரும் விளம்பரக் குரல் பதிவு என்று பலகை வைத்தார். வியாபாரிகள் கேட்டுப் பார்க்க அன்பரசி தன் மெட்டுகளை இன்டர்நெட்டில் ஏற்றி வைத்திருந்தாள். ரோஹித் அதில் இருந்தே இறக்கி, மேலே தன் குரலைப் போட்டு விற்றான். அவள் சண்டைக்குப் போகவில்லை. "திருடுறவனுக்கு இன்னா பாட்டு எதுக்குன்னு தெரியாதுண்ணா. அவனே மாட்டுவான்" என்றாள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இரண்டு முறை அவர் வீட்டு வழியாக வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டு போனேன்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சடையப்பனின் அப்பா துரைக்கண்ணு இறந்துபோனார். அறிவிப்புக்கு அன்பரசியிடம் வரவில்லை. ரோஹித்தே பேசினான். மேட்டுத் தெரு முதலில், பட்டங்கள் அடுத்து, சிவலோக பதவி கடைசியில். சோகமாக இருக்கட்டும் என்று பின்னால் ஒரு இசை வேறு. சடையப்பனின் அக்காவைத் திருவிடந்தைக்குப் பக்கத்து ஊரில் கொடுத்திருந்தார்கள். அந்த ஊர் மைக் ஆட்டோவுக்கும் அதைப் போனில் அனுப்பினார்கள்.

நாங்கள் சர்ச்சில் இருந்து வெளியே வரும்போது வசுமதி போன் செய்தார். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"யம்மா அன்பு, உன் மெட்டப் போட்டுகினு ஒரு ஆட்டோ வந்துச்சு பாரு! பொம்பளைங்கல்லாம் சட்டி எடுத்துகினு ஓடியாந்துட்டாங்க. ஒருத்தி பின்னாடி கைய வுட்டு ஐஸ் பொட்டி எங்கன்னு தேடுறா. இன்னொருத்தி வஞ்சிரம் கீதான்னு கேக்குறா. அப்புறம்தான் அவன் சொல்றான், சிவலோக பதவின்னு!"

சம்பந்தி வீட்டார் சிரிக்கவில்லை. "எங்க சம்பந்தி சாவுக்கு மீனு பாட்டா?" என்று போனை வைத்துவிட்டார்களாம். ஒழுங்காக மைக்கில் சொல்லாமல் கோடித் துணியோடு வர மாட்டோம் என்றார்களாம். அவர்கள் கோடி போடாமல் பிணத்தை எடுக்க முடியாது. இதை மணி போனில் சொன்னார். சொல்லும்போதே சடையப்பனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பஞ்சர் கடைக்கு வந்துகொண்டிருந்தார்.

அன்பரசி வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்கு வந்தாள். நானும் ஜாய்ஸும் கூட இருந்தோம். சடையப்பன் செருப்போடு கடைசிப் படி வரை ஏறி நின்றார். கையில் ஒரு சீட்டு.

"ஏ பொண்ணு, இத அப்படியே பேசு."

வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"என் வரிசை வேற, மாஸ்டர்."

"வரிசையாவது மண்ணாவது. அங்க அப்பா கிடக்குறாரு."

"அதனாலதான் சர்ச்சுல இருந்து நேரா வந்தேன்."

"எழுதிக் குடுத்தத பேச உனக்கு இன்னா நோவுது?"

"இன்னைக்கு நீங்க சீட்டு எடுத்துகினு வர்றீங்க. நாளைக்கு மேட்டுத் தெருவே எடுத்துகினு வரும். எங்க தெருவுக்கு எவன் மாஸ்டர் சீட்டு எழுதுவான்?"

"எல்லாம் உன்னால வந்த கேவலம். உன் மெட்டாலதான்."

"என் மெட்டுன்னு இப்பத்தான் தெரியுதா?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அன்பு, கதவச் சாத்து. ரோஹித்தே பேசட்டும். மீனாவது விக்கும்" என்றேன்.

"ண்ணா, சாவு வூட்டு ஆளு. வாய மூடிகினு இரு" என்றாள். அவரைப் பார்த்த அதே பார்வையில் என்னையும் பார்த்தாள்.

சடையப்பன் மணியின் பக்கம் திரும்பினார். "டேய், இவ பேசலன்னா இனிமே மேட்டுத் தெருவுக்குள்ள உன் ஆட்டோ வராது. சொல்லிட்டேன்."

மணி பின்னால் இருந்து கெஞ்சினார். "அன்பு, ஒரே ஒரு தபா. தெருவ முன்னாடி வெச்சா இன்னா குறைஞ்சிடும்?"

"உன் தொண்ட இப்ப நல்லாத்தானே கீதுண்ணே? நீயே பேசு. நான் தடுக்கல."

 மணி பேசினால் சம்பந்தி ஊர் நம்பாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த ஊருக்குச் சாவு என்றால் இவள் குரல்தான்.

அப்போது சடையப்பனின் போன் அடித்தது. அவருடைய அம்மா. பாதி காது கேட்காதவர். அதனால் உரக்கப் பேசுவார். எங்களுக்கும் கேட்டது.

"டேய், வெயிலு ஏறிகினே போவுது. இன்னும் அங்க இன்னாடா பண்ற?"

"அந்தப் பொண்ணு தெருவ முன்னாடி சொல்ல மாட்டேங்குதும்மா."

"பின்னாடி சொன்னா உங்கப்பன் எழுந்து ஓடிடுவானா? அது எப்படிச் சொல்லுமோ அப்படியே சொல்லட்டும். எடுக்கணும்டா, மூதேவி!"

சடையப்பன் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தார். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளேயும் வரவில்லை. அன்பரசி எல்லா வீட்டிலும் கேட்பதை அவரிடமும் கேட்டாள். யார் யாருக்கு என்ன உறவு. எத்தனை மணிக்கு எடுப்பார்கள். பிறகு, "அவர் செஞ்சது ஒண்ணு சொல்லுங்க" என்றாள்.

"ஊர்ல பெரிய மனுஷன்."

"அது பட்டம். செஞ்சது."

அவர் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மாடு வாங்கும்போது கூட்டிகினு போவாங்க. எது உதைக்கும்னு பாத்தே சொல்லிடுவாரு" என்றார்.  உடனே இருமிக்கொண்டார்.

கீழே காற்று அடிப்பதை நிறுத்தச் சொல்லி ஜாய்ஸ் ஓடினாள். அன்பரசி கதவைச் சாத்தினாள். "நம் ஊரில் ஒருவர் இன்று இறந்துவிட்டார்." உதைக்கும் மாட்டைப் பார்த்ததும் சொல்லிவிடுவார் என்பது வந்தது. துரைக்கண்ணு என்ற பெயர் வந்தது. கடைசியில் மேட்டுத் தெரு வந்தது. ஏசுதாஸ் மாமாவுக்கு எங்கெங்கே மூச்சு விட்டாளோ அங்கெல்லாம் விட்டாள். மத்தியானத்துக்குள் சம்பந்தி வீட்டார் கோடியோடு வந்து இறங்கினார்கள்.

சடையப்பன் நன்றி சொல்லவில்லை. கருமாதி அன்று பந்தியில் உட்கார்ந்தவர்களிடம், "பொணத்த வெச்சி பேரம் பேசுனவ" என்று சொல்லியிருக்கிறார். சாவை வைத்துப் பிழைக்கிறவள், பெரியவர்களை மதிக்காதவள் என்ற இரண்டு பேச்சும் அந்தப் பந்தியில்தான் பிறந்தன. பரிமாறிய ஆள் எனக்குச் சொன்னார். சொல்லட்டும். ரோஹித் இப்போது மெட்டு இறக்குவதில்லை. மணியின் ஆட்டோ மேட்டுத் தெருவுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கல்யாண மேடையில் அன்பரசி அதற்குப் பிறகு பாடவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

போன மாதம் ஒரு நாள் காலை, ஷிப்ட் முடிந்து வந்து ஏரிக்கரை டீக்கடையில் நின்றேன். சடையப்பனும் நின்றார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவர் கண்ணாடி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது மணியின் ஆட்டோ வந்தது.

"நம் ஊரில் ஒருவர் இன்று இறந்துவிட்டார்."

டம்ளர் பாதியில் நின்றது. கடையில் எல்லாரும் அப்படியே நின்றார்கள். இரண்டு மகன்களுக்குத் தாய் என்றது குரல். முறுக்கு சுட்டால் தெருவுக்கே கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார் என்றது. பெயர் கண்ணகி என்றது. எங்கள் ஊரில் கண்ணகிகள் நான்கு பேர். ஒருவர் சடையப்பனின் சித்தி. டீக்கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எடுக்கும் நேரத்தைக் குரல் அவசரப்படாமல் சொன்னது. பிறகு ஒரு மூச்சு நிறுத்தியது.

"வீடு, காலனி, தண்ணீர்த் தொட்டித் தெரு."

சடையப்பன் டீயைக் குடிக்கப் பார்த்தார். ஆறியிருந்தது. கீழே ஊற்றிவிட்டு வேறு டீ போடச் சொன்னார். அதற்குள் ஆட்டோ ஏரிக்கரையில் திரும்பி, முதல் வரியில் இருந்து மறுபடியும் ஆரம்பித்தது.